பதினேழாம் நம்பர் மச்சம்

ஓசூர் சிப்காட்டில் வண்டிக் கம்பெனிகளுக்கு வார்ப்புச் சாமான் கடைந்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் கடைசி மேஜை சம்பங்கியுடையது. அதைத் தாண்டினால் சாமான் லாரி ஏறும். தாண்டாவிட்டால் சிவப்புப் பெயின்ட் பூசிக்கொண்டு மூலையில் கிடக்கும். இருபத்தாறு வருடம் இந்தத் தீர்ப்பைச் சொல்லிச் சொல்லி, அவருக்கு இரண்டு புருவங்களுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு கோடு விழுந்திருந்தது. அது விரிசல் இல்லை, வெறும் சுருக்கம்தான் என்று கண்ணாடி முன்னால் நின்று அவரே சோதித்துத் திருப்தியடைந்திருந்தார்.

அந்தக் கண்ணைப் பற்றி ஓசூரில் உலவும் கதைகளில் பாதியாவது உண்மையாக இருக்கும். கேன்டீன் இட்லியில் ஓட்டை அதிகம் என்று ஒரு தட்டு முழுவதையும் திருப்பி அனுப்பியது உண்மை. பெண் பார்க்கக் காவேரிப்பட்டினம் போனபோது ரேவதி நீட்டிய காபி டம்ளரின் அடியில் ஒரு நசுங்கலைக் கண்டுபிடித்து, அது எப்படி ஏற்பட்டிருக்கும் என்று மாமனாரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, பெண்ணைப் பார்க்காமலேயே எழுந்து வந்தது அதைவிட உண்மை. ரேவதி இன்றும் அந்த டம்ளரில்தான் அவருக்குக் காபி கொடுக்கிறாள். கல்யாணப் பத்திரிகையில் முற்றுப்புள்ளியில் ஒரு பிசிறு இருந்ததைச் சொல்லி அச்சகத்துக்காரரை அழவைத்தார் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அச்சகத்துக்காரர்கள் அவ்வளவு சுலபத்தில் அழமாட்டார்கள்.

அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். அம்மாவிடம் கன்னடம், மேஜையில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. பக்கத்து மேஜையில் சாமான் கட்டும் மாரிசாமி கோவில்பட்டிக்காரர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, எங்க ஊர்ல சம்பங்கிய பொம்பளைங்க தலையில வைப்பாங்க, இங்க என்னண்ணே ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல வச்சிருக்காங்க என்று கேட்டு, அன்றிலிருந்து உயிர்ச் சிநேகிதரானார்.

இத்தனை பெரிய கண்ணுக்குத் தன் சொந்த உள்ளங்கால் மட்டும் தெரியவில்லை.

இடது குதிகாலில் பிறவியிலேயே மிளகளவு மச்சம் ஒன்று இருந்தது. உள்ளங்காலில் மச்சம் இருப்பவன் கடல் தாண்டிப் போவான் என்று யாரோ சொல்லியிருந்ததை மாமியார் நாகம்மா நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார். மாப்பிள்ளை தாண்டியது கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத்தான். ஆனாலும் அந்தம்மா நம்பிக்கையை விடவில்லை. ரிட்டையர் ஆன பிறகு போவார் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்.

மகள் சுவாதி பத்தாம் வகுப்பு படித்த வருடம், பொதுத் தேர்வுக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பாத பூஜை வைத்தார்கள். மைதானத்தில் இருநூறு நாற்காலி. பெற்றோர்கள் உட்கார, பிள்ளைகள் தாம்பாளத்தில் அவர்கள் காலை வைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பூப்போட வேண்டும். மைக்கில் ஒருவர், பத்து மாதம் சுமந்தவள், தோளில் தூக்கியவன் என்று வரிசையாகச் சொல்லி மைதானத்தையே அழவைத்துக்கொண்டிருந்தார். சம்பங்கியும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தால் மகள் அவர் இடது காலைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரமாக அசையாமல் இருந்தாள். பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று நெகிழ்ந்துபோனார். அவள் நிமிர்ந்து, இந்த மச்சம் போன வருஷம் இவ்வளவு பெரிதாக இல்லையே, ஓரம் ஏன் கலைந்தாற்போல் இருக்கிறது என்று கேட்டாள். பூஜையில் பேசாதே என்று அதட்டினார். அவள் வீட்டிலும் பேசினாள், மூன்று வாரம் பேசினாள், தேர்வுக்குப் படிக்கவேண்டிய நேரத்தில் எல்லாம் பேசினாள். தொல்லை தாங்காமல்தான் டாக்டரிடம் போனார்.

அந்த வியாதியின் பெயரைக் கேட்டால் ஏதோ புதுமுக நடிகையின் பெயர்போல் இருந்தது. மெலனோமா. தோலில் வரும் புற்று. நல்ல வேளையாக மேல்தோலோடு நின்றிருந்தது, அடியில் இறங்கவில்லை. பெங்களூரில் அதைச் சுற்றியிருந்த நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் ஒட்டினார்கள். வேறு மருந்தில்லை, ஊசியில்லை. ஒட்டிய தோலில் முடி முளைத்து, இந்த ஜில்லாவிலேயே குதிகாலைச் சவரம் செய்யும் ஒரே மனிதர் சம்பங்கிதான் என்று மாரிசாமி பரப்பியதை ரேவதி மறுக்கிறாள். மாமியார் வந்து பார்த்துவிட்டு, வெட்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தீர்களா என்று மட்டும் விசாரித்தார். கடல் பயணம் கைவிட்டுப் போன துக்கம் அவருக்கு.

டாக்டரம்மா கெட்டிக்காரர். ஒரே ஒரு தப்புத்தான் செய்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாருங்கள், நடுவில் மாதம் ஒரு முறை தலையிலிருந்து கால்வரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், புதிதாக ஏதாவது தெரிந்தாலோ பழையது மாறினாலோ உடனே வந்துவிடுங்கள் என்றார். எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பங்கியின் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒரு வரைபடம் தொங்கியது. முன்புறம், பின்புறம், இரண்டு பக்கவாட்டு, உள்ளங்கால் தனி. மொத்தம் நாற்பத்து மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர். கழுத்துக்குக் கீழே இருப்பது மூன்றாம் நம்பர், அக்குளுக்குப் பக்கத்தில் எட்டாம் நம்பர், வலது தோள்பட்டைக்குப் பின்னால் இருப்பது பதினேழு. எது எத்தனை மில்லிமீட்டர், என்ன நிறம், ஓரம் எப்படி என்று வாராவாரம் நிரப்பக் கூடவே கட்டம் போட்ட ஒரு நோட்டு. கை கழுவப் போன உறவினர்கள் அவர் உடம்பு முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார்கள். ஒரு கல்யாண வீட்டில் ரேவதியின் சித்தி, மாப்பிள்ளைக்கு முப்பத்தொன்று இப்போ எப்படியிருக்கு என்று பந்தியில் சத்தமாகவே கேட்டாள். முப்பத்தொன்று எங்கே இருக்கிறது என்பதை நான் எழுதப் போவதில்லை.

தொழிற்சாலையில் விரிசல் தேடச் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடிப்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் சிவப்பு கசிந்து வெளியே தெரியும். சம்பங்கி அந்த டப்பாவோடு ஒரு மத்தியானம் கழிப்பறைக்குள் போனதாகவும், சாயங்காலம் அவர் சாக்ஸ் சிவப்பாக இருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. அவரைக் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வார்.

சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாதுகாப்பு ஷூவுக்குள் குதிகால் லேசாக நமைக்கும்போது அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. மூச்சு பாதியில் நிற்கும். மூக்கண்டப்பள்ளி ஸ்டாப் வரும்வரை ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்பதே நினைப்பாக இருக்கும். ஒரு தடவை மூலையில் போட்ட சாமான் திரும்பவும் அவர் மேஜைக்கு வராது, அது சத்தியம். இது வேறு சாமான். வெட்டிப் போட்டதே எழுந்து, வேறு வாசல் வழியாக, வேறு நம்பர் போட்டுக்கொண்டு வந்து நிற்கலாம். அப்போது யார் பார்ப்பார்கள்?

அவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். சுவாதி பார்ப்பாள். முதலில் கண்டுபிடித்தவள் அவள். அதனால் ஞாயிறுதோறும் குளித்துவிட்டுச் சட்டையில்லாமல் ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். சுவாதி பின்னால் நின்று, அவருடைய பழைய டயல் வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே ஒவ்வொரு மச்சத்தையும் பிடித்து அளந்து சொல்வாள். அவள் சொல்வதை அவர் கட்டத்தில் எழுதுவார். பதினேழு, நாலு மில்லிமீட்டர். அடுத்த வாரம், நாலு. அதற்கடுத்த வாரம், நாலு. அந்த நாலு என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு இறங்கும். இரண்டரை வருடம் இப்படி ஓடியது. ஆறு மாதத்துக்கொரு முறை டாக்டரம்மாவும் பார்த்து நல்லபடியாக இருக்கிறது என்றுதான் அனுப்பினார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்பவருக்கு என்ன தெரியும்?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த சுவாதிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்தது. அவள் ஆசைப்பட்ட படிப்பு. சம்பங்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லூரியின் படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்து, விடுதிச் சுவரில் பூச்சு உப்பியிருக்கிறது என்றார். கோயம்புத்தூர் வெயில் ஓசூர்க் குளிரில் வளர்ந்த உடம்புக்கு ஆகாது என்றார். கிருஷ்ணகிரியிலேயே மாங்கூழ் ஆலை இத்தனை இருக்கும்போது, மாம்பழத்தைப் பற்றிப் படிக்க மாம்பழம் இல்லாத ஊருக்கு ஏன் போகவேண்டும் என்று கேட்டார். அது கொஞ்சம் நியாயமான கேள்வியாக இருந்ததால் ரேவதி பிறந்த வீட்டுக்குப் போன் போட்டாள். காவேரிப்பட்டினத்திலிருந்து தாய்மாமன் தங்கதுரை வந்து மருமகளை அழைத்துப்போனார். சனிக்கிழமை போய், விடுதியில் இடம் பிடித்து, சேர்க்கை முடித்து, திங்கட்கிழமை திரும்புவதாகத் திட்டம். அதற்கடுத்த திங்கள் வகுப்பு ஆரம்பம்.

ஆக, நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை வெர்னியர் ரேவதியின் கைக்கு வந்தது. அவள் கண் நல்ல கண்தான், அரிசியில் கல் பொறுக்கும் கண். ஆனால் எதையும் சுருக்கமாகச் சொல்லாத வாய். ஒன்று முதல் பதினாறு வரை எதிர்வீட்டுக் கெம்பம்மாவின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே அளந்தாள். பதினேழில் நிறுத்தினாள்.

“நாலு புள்ளி ஆறு.”

சம்பங்கி இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். நாலு புள்ளி ஆறு. இவளுக்கு முள் பார்க்கத் தெரியாது என்று எட்டிப் பிடுங்கிப் பார்த்தார். அவர் பார்ப்பதற்குள் வெர்னியரின் வாய் நகர்ந்துவிட்டிருந்தது. மூன்றாவது தடவையும் அதுவே. ஒரே வாரத்தில் பாதி மில்லிமீட்டருக்கு மேல். மிச்ச இருபத்தாறை அவர் அளக்க விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே டாக்டரிடம் ஓடியிருக்கவேண்டும். அதைத்தானே அந்தம்மா சொன்னார். ஆனால் பயம் முற்றிப்போனால் அது ஆளை ஓடவிடாது, உட்காரவைத்துவிடும். போனால் சொல்லிவிடுவார்கள். சொல்லாதவரைக்கும் இன்னும் இல்லை. இப்படி ஒரு கணக்கு. மற்றவர் மேஜையில் இதைச் செய்திருந்தால் அவரே சீட்டுக் கிழித்திருப்பார்.

திங்களும் செவ்வாயும் வீட்டில் ஒரே அதிசயமாக இருந்தது. மோட்டார் ஓடாவிட்டால் எந்த வயரை அசைக்கவேண்டும் என்று ரேவதிக்குச் சொல்லிக்கொடுத்தார். களியில் கட்டி இருந்தும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். நசுங்கிய டம்ளரை ஆசையாகத் தடவிக்கொடுத்தார். ரேவதி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள். இந்த மனிதன் எங்கேயோ யாரையோ வைத்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவுசெய்து, மாரிசாமிக்குப் போன் போட்டு நேராகவே கேட்டாள். மாரிசாமி, அண்ணனா, அவரு பொம்பளையப் பாத்தாலும் பர்ர் இருக்கான்னுதான தங்கச்சி பாப்பாரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். பர்ர் என்பது கடைந்த இரும்பின் ஓரத்தில் நிற்கும் பிசிறு. ரேவதிக்கு அது என்னவென்று தெரியும், அதனால் ஆறுதலாக இருந்தது.

சேர்க்கை முடித்துத் திங்களன்றே திரும்பியிருந்த சுவாதி, புதன்கிழமை சாயங்காலம் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். சம்பங்கி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இந்த வருஷம் வேணாம் சுவாதி. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அவள் நிமிரவில்லை. மறுபடி சுவரா, வெயிலா என்று கேட்டாள். அவர் இரண்டும் இல்லை என்று தலையாட்டினார்.

“பதினேழு வளந்துடுச்சு. பாயின்ட் ஆறு.”

மடித்துக்கொண்டிருந்த துப்பட்டா பாதியில் நின்றது. யார் அளந்தது, எப்போது, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு எழுந்து விளக்கைப் போட்டாள்.

“சட்டையக் கழட்டுப்பா.”

திரும்பி நின்றார். பின்னால் வெர்னியரின் வாய் மூடும் சத்தம் கேட்டது. அளப்பதற்கு முன் வெறும் வாயை மூடி, முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அவர்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அப்புறம் சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் சம்பங்கி ஒரு தடவை செத்து, காரியமும் முடிந்து, ரேவதிக்குக் கம்பெனியிலிருந்து வரவேண்டிய பேப்பர் எல்லாம் வந்துசேர்ந்துவிட்டது.

“ப்பா, இங்க பாரு.”

தோளுக்கு மேலாக வெர்னியர் எட்டிப்பார்த்தது. வாய் இறுக மூடியிருந்தது. பூஜ்ஜியத்தில் நிற்கவேண்டிய முள் அதைத் தாண்டி, சரியாகப் புள்ளி ஆறில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு தாடைகளுக்கும் நடுவே நூலிழை வெளிச்சம். ஒரு தாடையின் ஓரம் பிதுங்கியிருந்தது. நாலு புள்ளி ஆறில் புள்ளி ஆறை எடுத்தால் பழைய நாலு.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த ரேவதி, நிலைமையைப் புரிந்துகொண்டு, உள்ளே நழுவப் பார்த்தாள். மகள் விடவில்லை.

“நெய் டப்பா மூடி வரல,” என்றாள் ரேவதி. “ஸ்பூன் வளையுதேன்னு இதை வச்சி நெம்புனேன். இரும்புதானேன்னு.”

இருபத்தாறு வருடம். பயிற்சிக்கு வந்த பையன்கள் எத்தனை பேர், ஜீரோ பார்க்காமல் ரீடிங் எடுத்ததற்காக அவரிடம் மூன்று மொழிகளில் திட்டு வாங்கியிருப்பார்கள். ஒருவன் வேலையை விட்டு ஊருக்கே போய்ப் பால் சொசைட்டியில் சேர்ந்துவிட்டான். சம்பங்கி கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அழுகிறார் என்று நினைத்து ரேவதி ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். நெய் டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பத்து நிமிஷ ஆயுள். சம்பங்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெர்னியரைக் கையில் எடுத்து, புருவத்துக் கோட்டை வரவழைத்துக்கொண்டார்.

“இதுக்குத்தான் சொல்றேன். நீ இருந்திருந்தா இந்தத் தப்பு நடந்திருக்குமா? நீ போயிட்டா யாரு பாக்கறது?”

வளர்ந்திருந்தாலும் அவள் போகக்கூடாது, வளராவிட்டாலும் போகக்கூடாது. எந்த ரீடிங் வந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான். சுவாதி பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நீ சட்டையக் கழட்டறப்போ எனக்கு பயமா இருக்கும்ப்பா. மொதல்ல கண்ண மூடிக்குவேன். அப்புறந்தான் பாப்பேன்.”

“நீ சொல்லவே இல்லையே.”

“நீதான் திரும்பி நிக்கறயே. எம்மூஞ்சி உனக்கு எப்படித் தெரியும்?” ஜிப் நின்றது. “சில வாரம் பாக்காமலேயே நாலுன்னு சொல்லியிருக்கேன்.”

சம்பங்கிக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்தபிறகு, எத்தனை வாரம் என்று கேட்டார். எண்ணவில்லை என்றாள். தேர்வு நடந்த மாதம் முழுக்க என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எழுந்து வெளியே போய் வாசல் குழாயடியில் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், தெலுங்கு வாயில் தயாராகவே இருந்தது. வரவில்லை. அளக்காமல் பழைய எண்ணையே எழுதுகிறவனை அவர் மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறார். அவன் கெட்டவனாக இருக்கமாட்டான். அவனை யாரோ அதிக நேரம் உட்காரவைத்திருப்பார்கள். அதனால்தான் எந்தத் தொழிற்சாலையிலும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலைக்கு ஓர் ஆளை இரண்டு மணிநேரத்துக்கு மேல் விடுவதில்லை. அதற்குமேல் கண் இருக்கும், பார்வை இருக்காது. நேற்றைய நாலையே கை இன்றைக்கும் எழுதும். மேலாளர்கள் லாரி காத்திருக்கிறது என்று கத்தினபோதும் இந்த விதியை விட்டுக்கொடுக்காதவர் சம்பங்கி. எழுந்திரு, போய் டீ குடி என்று ஆளைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தானே உட்காருவார். சொந்தப் பெண்ணை, பதினைந்து வயதுப் பிள்ளையை, இரண்டரை வருடம் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைத்திருக்கிறார். மாற்று ஆள் அனுப்பவில்லை. டீ குடிக்கவும் சொல்லவில்லை.

உள்ளே போனார். குளியலறைக் கதவிலிருந்து வரைபடத்தோடு இருந்த நோட்டை எடுத்துவந்து, ஷிப்ட் மாறும்போது எழுதுவதுபோல், ஒப்படைப்பவர் சுவாதி, பெறுபவர் ரேவதி என்று எழுதி மகளிடம் பேனாவை நீட்டினார். அவள் அவரைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“போய் டீ குடி,” என்றார் சம்பங்கி. அவள் டீயே குடிக்கமாட்டாள். ஆனாலும் எழுந்து போனாள்.

என்னைக் கேட்டீர்களா என்றாள் ரேவதி. கையெழுத்துப் போடுவதற்கு முன் நிபந்தனைகளைச் சொன்னாள். வெர்னியர் கிடையாது, அது இனி நெய் டப்பாவுக்கு. வாராவாரமும் கிடையாது. டாக்டரம்மா சொன்னது மாதம் ஒரு தடவை. அமாவாசைக்கு வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிறோமே, அன்று இவரையும் பார்த்துவிட்டால் ஞாபகம் இருக்கும். பார்க்கும்போது எதிர்வீட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்று அவர் தன் பக்கத்து நிபந்தனையைச் சொன்னார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த நிபந்தனை வாபஸ் வாங்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் பெங்களூர் போனார்கள். அதைச் சுவாதிதான் பிடிவாதமாகச் சொன்னாள், அவள் கடைசி உத்தரவுபோல. டாக்டரம்மா விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் பதினேழைப் பார்த்தார். குதிகால், தொடை இடுக்கு, மற்ற எல்லாம் பார்த்தார். பதினேழு சாதாரண மச்சம், குதிகால் சுத்தம் என்றார். வெர்னியர் கதையை ரேவதி விஸ்தாரமாகச் சொன்னபோது அவர் தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. கிளம்பும்போது சம்பங்கி இரண்டரை வருடமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

“திரும்ப வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா மேடம்?”

“மாட்டேன். வர்றதுக்கு வாய்ப்புக் கம்மி, ரொம்பக் கம்மி. அவ்வளவுதான் சொல்ல முடியும்,” என்றார் அவர். “நீங்க அனுப்பற சாமான் ஒடையவே ஒடையாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?”

சம்பங்கி யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மேஜை அது.

“மாட்டேன். பாஸ்னு போடுவேன்.”

“நானும் அதான் போட்டிருக்கேன்.”

ஞாயிற்றுக்கிழமை சுவாதியைக் கோயம்புத்தூரில் விட்டார்கள். விடுதிச் சுவரில் பூச்சு நிஜமாகவே உப்பியிருந்தது. சம்பங்கி அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கையைப் பையில் போட்டுக்கொண்டார். களியில் இருந்த கட்டியை விட்டால், அவர் வாழ்க்கையில் நேரில் பார்த்தும் சொல்லாமல் விட்ட முதல் குறை அதுதான் என்று ரேவதி ஊருக்கெல்லாம் சொல்கிறாள்.

அடுத்த ஞாயிறு மகள் போன் செய்தாள். சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அறைத்தோழி தூக்கத்தில் பேசுகிறாள், பால் ஏன் திரிகிறது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்கள் என்று மூச்சு விடாமல் கால்மணி நேரம் பேசினாள். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்பங்கிக்குச் சுருக்கென்றது. சாயங்காலம்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின் மாரிசாமியிடம், எம்பொண்ணு என்னை மறந்துட்டா என்று ஏதோ பரிசு வாங்கியவர்போலச் சொன்னாராம்.

நடுவில் இரண்டு தடவை திருட்டுத்தனமாகக் குளியலறையில் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே பிடித்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டார். ஒரு வாரம் கழுத்தில் பட்டையோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். பயம் எங்கேயும் போய்விடவில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில்தான் இருக்கிறது, மூக்கண்டப்பள்ளியில் சில நாள் இறங்கிக்கொள்கிறது.

அமாவாசை வந்தது. காலையில் பைக்கைக் கழுவி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு ரேவதி அவரை ஜன்னல் பக்கம் நிறுத்தினாள். கெம்பம்மாவின் மருமகள் தாய்வீடு போய்விட்ட செய்தி இடுப்புவரை வந்தது. தோள்பட்டைக்கு வந்ததும் நின்றது. சம்பங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பதினேழு?”

“இருக்குது.”

“இருக்குதுன்னா?”

“உங்கள மாதிரிதான். இருந்த எடத்துலயே குந்திகினு இருக்குது.”

“நல்லாப் பாத்தியா?”

“சட்டையப் போடுங்க. அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது. பயத்தை எல்லாம் இன்னிக்கே செலவு பண்ணிட்டா அப்புறம் என்னா பண்ணுவீங்க?”

அவர் பித்தானை ஓட்டை மாறிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். அந்தக் குறையை மேஜைக்குப் போகும்வரை அவரும் பார்க்கவில்லை.